பழைய பில்டில் பார்க்காமல் 'வெரிஃபைடு' போடாதீர்கள்

லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் ஒரு பக் (மென்பொருள் பிழை) 'ரெஸால்வ்டு ஃபிக்ஸ்டு' (சரிசெய்யப்பட்டது) ஆகிவிட்டதா? சரிசெய்துவிட்டதாக டெவலப்பர் நினைக்கிறார், அவ்வளவுதான். 'வெரிஃபைடு' என்பது இன்னொருவர் பார்த்துச் சொல்லும் சாட்சி. பலர் புது பில்டை (நிரல்மூலத்திலிருந்து உருவாக்கிய, இயக்கிப் பார்க்கக்கூடிய பதிப்பு) மட்டும் திறந்து, "இப்போ வரலை" என்று முடித்துவிடுகிறார்கள். உங்கள் கணினியில் அது எப்போதுமே வராத பக்காக இருந்தால்? லினக்ஸில் ஜிடிகே3 என்ற திரை இடைமுகத்தில் மட்டும் வரும் பக்கை விண்டோஸில் சோதித்தால் எந்த பில்டும் பாஸ்தான். முதலில் திருத்தத்துக்கு முந்தைய பழைய பில்டில் பக்கை வரவழையுங்கள். வராவிட்டால் 'வெரிஃபைடு' பக்கமே போகாதீர்கள்.

லிப்ரெஆபீஸில் திருத்தம் சேர்ந்ததும் ரிப்போர்ட்டில் ஒரு தானியங்கிக் குறிப்பு விழும்: எந்தப் பதிப்பில் வரும், 24-48 மணி நேரத்தில் தினசரி பில்டில் கிடைக்கும் என்று. அன்று மாலையே ஒரு பில்டை இறக்கிப் பார்த்து, "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று பக்கை ரீஓப்பன் செய்வது (மறுபடி திறப்பது) வேண்டாத வேலை. பில்டின் தேதியையும் நம்ப வேண்டாம். 'எபௌட்' ஜன்னலில் உள்ள பில்டு ஐடி ஒரு கமிட் ஹாஷ், அதாவது அந்த பில்டில் கடைசியாகச் சேர்ந்த நிரல் மாற்றத்தின் (கமிட்) அடையாளக் குறி. திருத்தம் அதற்கு முன்பே சேர்ந்திருக்கிறதா என்று கிட் லாகில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றுப் பட்டியல்) பாருங்கள். வெளியீட்டுக் கிளைக்கு செர்ரி-பிக் செய்த (தனியாக எடுத்து நகலெடுத்த) திருத்தத்துக்கு ஹாஷ் வேறாக இருக்கும். அங்கே பக் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

இரண்டு பில்டுக்கும் தனித்தனிப் புது ப்ரொஃபைல் (உங்கள் செட்டிங்குகள் இருக்கும் கோப்புறை) கொடுங்கள். பழைய செட்டிங்கே பக்கை மறைத்துவிடும், சில நேரம் உண்டாக்கியும்விடும்.

டாக்எக்ஸ் கோப்பில் சேமித்தால் அட்டவணையின் பார்டர் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்து பார்த்து "பார்டர் இருக்கு" என்றால் ஒன்றும் சோதித்ததாகாது. சேமித்து, மூடி, மறுபடி திறக்க வேண்டும். கோப்பை எழுதும் ஃபில்டர் (கோப்பு வடிவத்தைக் கையாளும் நிரல் பகுதி) வேறு, படிக்கும் ஃபில்டர் வேறு. சேமித்த கையோடு திரையில் தெரிவது நினைவகத்தில் இருக்கும் ஆவணம், கோப்பு அல்ல.

பக் போய்விட்டது, எந்தக் கமிட்டால் என்று தெரியவில்லை என்றால் அது 'ஒர்க்ஸ்ஃபார்மீ' (என்னிடம் சரியாக வேலை செய்கிறது), 'ஃபிக்ஸ்டு' அல்ல. (இதற்குச் சண்டை போடுபவர்களும் உண்டு.) தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பைசெக்ட் (கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது): இடையில் 1000 கமிட் இருந்தாலும் பத்து சோதனையில் பிடித்துவிடலாம்.

கமென்ட்டில் நான்கு விவரம் போதும்: பக் வந்த பில்டு ஐடி, வராத பில்டு ஐடி, ஓஎஸ், சோதித்த இணைப்புக் கோப்பு. வெறும் "ஓகே" வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே பக் திரும்ப வந்தால், தேடலை எந்த பில்டிலிருந்து தொடங்குவது என்று அந்த இரண்டு ஐடிதான் சொல்லும்.

பழைய அறிகுறி போய்ப் புதிதாக ஒன்று முளைத்திருந்தால் ரீஓப்பன் வேண்டாம். புது ரிப்போர்ட் போட்டு, 'சீ ஆல்சோ' (இதையும் பார்க்க) பெட்டியில் பழைய எண்ணைக் கொடுங்கள்.