விஸ்காம் படிக்க வரும் பிள்ளைக்குக் கேமரா மட்டும் போதாது

போன வாரம் ஒரு அப்பா, பிளஸ் டூ முடித்த தன் மகளோடு எங்கள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது காட்சித் தொடர்பியல்) துறைக்கு வந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "சார், இதைப் படிச்சா சினிமாவுக்குப் போகணும், இல்லன்னா டிவியில நியூஸ் வாசிக்கணும். வேற என்ன இருக்கு இதுல?"

பதினோரு வருடமாக இதழியலும் தொடர்பியலும் நடத்துகிறேன். அட்மிஷன் சமயத்தில் தவறாமல் வரும் கேள்வி இது. ஐந்து நிமிடத்தில் ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். அது எனக்கே நிறைவாக இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அவர் அப்படிக் கேட்டதில் தவறே இல்லை. விஸ்காம் என்றால் கேமரா என்று நாமே ஆக்கி வைத்திருக்கிறோம். அட்மிஷன் நோட்டீஸைப் பாருங்கள்: ஸ்டுடியோ படம், எடிட்டிங் லேப் படம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆய்வுக் குழு வரப்போகிறது என்று புதுக் கேமராக்கள் வாங்கினார்கள். அதே வருடம் தொடர்பியலுக்கென்று நூலகத்துக்கு ஒரு புத்தகம்கூட வரவில்லை. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கையில் பிடிக்கும்போது பிள்ளைகளுக்கு வரும் தைரியத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேமராவை இயக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மூன்று வருடமும் ஒரு பல்கலைக்கழகமும் தேவையில்லை. ஒரு செய்தி யாரிடமிருந்து கிளம்புகிறது, எதன் வழியாகப் போகிறது, யார் வீட்டு வாசலுக்கு வராமலே நின்றுவிடுகிறது என்று பார்க்கும் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு தர வேண்டும்.

அந்தப் பழக்கத்தைத் தருவது கம்யூனிகேஷன் தியரி பாடம். எங்கள் பிள்ளைகள் அதிகம் அரியர் வைப்பதும் அதில்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு மதிய வகுப்பு. டூ ஸ்டெப் ஃப்ளோ, அதாவது செய்தி இரண்டு படியாக மக்களிடம் போய்ச் சேர்கிறது என்ற கருத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற பகுதிக்குப் போய், அதே வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். பத்திரிகையும் ரேடியோவும் சேர்ந்து மக்களின் மனதை எவ்வளவு மாற்றுகின்றன என்று பார்க்கப் போனவர்கள் அவர்கள். ஆனால் ஊரில் விவரம் தெரிந்தவர் என்று பேர் எடுத்தவர்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மற்றவர்கள் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள் என்று தெரிய வந்தது. இதைச் சொல்லி முடித்தேன். வகுப்பில் ஒரு முகத்திலும் அசைவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்: "சரி, ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருக்குன்னு உங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. "கடைக்கு எதிர்வீட்டு அக்கா போன் பண்ணுவாங்க சார், அம்மா தெருவுல எல்லாருக்கும் சொல்லுவாங்க" என்றாள் ஒரு பெண். இன்னொருத்தி, "எங்க கார்டுக்கு அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருக்கோம். அவன் திருப்பூர்ல இருக்கான். மெசேஜ் எல்லாம் அவனுக்குத்தான் போகும்" என்றாள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "எங்க தெருவுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க சார். நாங்க போய்ப் பாக்கும்போது தீந்திருக்கும்."

அவன் எந்தத் தெரு என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பக்கத்து மனிதர் வழியாகத்தான் செய்தி ஓடும் என்பது சரி. பக்கத்து மனிதர் யார் என்பதையே சாதி முடிவு செய்கிற ஊரில் அந்தச் செய்தி எந்தத் தெருமுனையில் நிற்கும்? இதை நான் எந்தப் பாடக் குறிப்பிலும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்தப் பையன்தான் எனக்குச் சொன்னான்.

அடுத்த மாதம் இன்டர்னல் தேர்வு. டூ ஸ்டெப் ஃப்ளோவைப் பற்றித்தான் கேள்வி வைத்தேன். அவன் எழுதியிருந்தது எட்டு வரி ஆங்கிலம், பழைய ஜெராக்ஸ் நோட்ஸிலிருந்து அப்படியே. ரேஷன் கடை இல்லை, தெரு இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், "அதை இங்கிலீஷ்ல எழுத வரல சார்" என்றான். அவன் கண்டுபிடித்ததை அவன் மொழியிலேயே எழுதச் சொல்லாமல் போனது என் தவறு. அந்த வருடத்திலிருந்து இந்தப் பாடத்தைத் தமிழில்தான் நடத்துகிறேன். இன்டர்னலைத் தமிழிலேயே எழுதலாம். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். யோசனை தமிழில் வந்தால் போதும்.

செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இல்லாமலும் இல்லை. அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றித் தொடர்ந்து பேசிப் பேசி, விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். டெல்டாவிலிருந்து வரும் என் மாணவர்கள் பல பேருக்கு அது தெரியாது. வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்வேன்.

புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தின் கதையை நான் ஒரு வகுப்பிலும் விடுவதில்லை. 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் அமைத்திருந்தது. ஊர்க்காரர்கள் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

பிள்ளைகள் முதலில் போனைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒலிபெருக்கியைப் பாருங்கள் என்பேன். இந்தத் தகவல் மையங்கள் மீனவர் கிராமங்களில் அன்றாடம் சொல்லிவந்தது கடல் நிலவரமும் அலையின் உயரமும்தான். அந்தக் குழாயிலிருந்து வந்த சேதியை நம்பிக் கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் அவர்கள். அதனால்தான் அன்று காலை 'ஓடுங்கள்' என்றதும் ஓடினார்கள் என்று நான் நினைக்கிறேன். அந்த நம்பிக்கையை ஒரு நாளில் உண்டாக்க முடியாது. அது எப்படி உண்டாகிறது, எதனால் உடைகிறது என்று படிப்பதற்குத்தான் இந்தத் துறை இருக்கிறது. புயல் எச்சரிக்கை, தடுப்பூசி, வாட்ஸ்அப்பில் சுற்றும் வதந்தி, எல்லாமே இந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

அந்த அப்பாவுக்கு வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். சேனல்களில் ஆள் குறைப்பும் நடக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கும் பஞ்சாயத்துக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும், சனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகளை நாங்கள் தயார் செய்து அனுப்பினால்தான் இந்தப் படிப்பைப் பற்றி அவரிடம் நான் தைரியமாகப் பேச முடியும்.

இந்த செமஸ்டர் எங்கள் இரண்டாம் வருடப் பிள்ளைகள் குறும்படத்துக்குப் பதிலாக ஒரு களப்பணி செய்கிறார்கள். நான்கு நான்கு பேராக ஒரு கிராமத்தில் பத்து நாள் இருந்து, ஒரு சேதி ஊருக்குள் எப்படிப் போகிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்று குறித்துக்கொண்டு வருவார்கள். ஆறு குழுக்களுக்கு ஊர் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு ஊர் தேவை. உங்கள் பஞ்சாயத்தில் பிள்ளைகள் தங்க இடம் கிடைக்குமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சாப்பாட்டுச் செலவைத் துறை பார்த்துக்கொள்ளும்.