760 என்று சொன்னாயே, பாவி!

இருக்கிற பெட்ரோலில் இன்னும் 760 கிலோமீட்டர் போகலாம் என்று காலையில் என் பிக்கப் வண்டி சொன்னது. நான் கேட்கவே இல்லை. அதுவாகத்தான் திரையில் குட்டியாக ஒரு பெட்ரோல் பங்க் படம் போட்டு எழுதிக் காட்டியது. மதியம் பார்த்தால் அதே வண்டி, அதே திரை, 19 என்கிறது. நடுவில் நாங்கள் ஓட்டியது 272. மிச்சம் 469 கிலோமீட்டரை யாரய்யா ஓட்டினது?

பிக்கப்பில் கேம்பர், அதாவது சக்கரம் வைத்த குட்டி வீடு, மாட்டி இழுப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்நேரம் பல்லைக் கடிக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

முழு டேங்க், 90 லிட்டர். போக வேண்டியதோ 330 கிலோமீட்டர்தான். 760-இல் பாதிகூட இல்லை. "வழியில் எங்கேயும் நிற்க வேண்டாம், ஒரே இழுப்பு" என்று வீட்டில் அறிவித்தவன் நான்தான். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான்கு முறை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. கேம்பரின் ஒயரைப் பின்னால் செருகியவுடனே 'ட்ரெய்லர் இணைக்கப்பட்டது' என்று திரையில் வருகிறது. அழகாகப் படம் வேறு போடுகிறது. அதாவது, அதற்குத் தெரியும். பின்னால் ஒரு வீடு தொங்குகிறது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும், நேற்றுவரை வெறும் வண்டியாக ஊர் சுற்றிய மைலேஜை வைத்துக் கணக்குப் போட்டு, கூசாமல் 760 என்று காட்டுகிறது. தெரியாமல் சொன்னால் தப்பு. தெரிந்தே சொன்னால் அதற்கு வேறு பெயர்.

முதல் 40 கிலோமீட்டரில் 510 ஆனது. 40 ஓட்டினேன், 250 போச்சு. சரி, கிளம்பின வேகம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நூறாவது கிலோமீட்டரில் 290. போகப் போகச் சரியாகவில்லை. நான்தான் சரிந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் வந்தது எதிர்காற்று. சாலையோர மரங்களெல்லாம் எங்களைப் பார்த்துக் குனிந்து நின்றன. மணிக்கு 105-இல் போகிறேன், எதிரே 30-இல் காற்று. என் கேம்பரின் நெற்றிக்கு அது 135. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, இது வாழ்க்கையில் எங்கே உதவப்போகிறது என்று கேட்டவன் நான். இதோ உதவுகிறது. காற்றே இல்லாத நாளைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. அதையும் எதைக் கொண்டு கிழித்துக்கொண்டு போகிறேன்? இரண்டரை மீட்டர் அகலம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம், முன்பக்கம் தட்டையாக ஒரு சுவர். சுவரை இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு மைலேஜ் எங்கிருந்து வரும்?

"எடை இருப்பதே தெரியாது சார், 4,500 கிலோ இழுக்கும்" என்று விற்கும்போது சொன்னார்கள். பொய் இல்லை. எனக்குத் தெரியவில்லைதான். டேங்குக்குத் தெரிந்துவிட்டது. இழுக்குமா என்று கேட்டேனே தவிர, எவ்வளவு குடித்துவிட்டு இழுக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. விற்கும்போது வண்டியில் ஒட்டியிருந்த அந்த மைலேஜ் ஸ்டிக்கரில் உள்ள எண்கள் பின்னால் எதையும் மாட்டாமல் சோதனை செய்து எடுத்தவை. சின்ன எஞ்சின், டர்போ இருக்கிறது, சிக்கனம் என்றும் ஒரு பாட்டுப் பாடினார்கள். வெறும் வண்டிக்கு அது சிக்கனம்தான். சுமையை மாட்டி மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும், காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் உள்ளே போகும். காற்றை மட்டும் குடித்துக்கொண்டு ஓட அது என்ன சித்தரா?

சரி, கதைக்கு வருகிறேன். 210-ஆவது கிலோமீட்டர். போக வேண்டியது இன்னும் 120. போக முடிவது 80. அப்போது ஒரு பங்க் தெரிந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம்.

நுழைவாயிலுக்கு முன்னால் ஓரங்கட்டி நின்று பார்த்தேன். இரண்டே வரிசை. இரண்டிலும் கார்கள். பம்புக்குப் பின்னால் நான்கு எட்டு வைத்தால் மதில். வண்டியும் கேம்பரும் சேர்த்து 13 மீட்டருக்கு மேல். உள்ளே போய்விடலாம், வளைத்து வெளியே வர முடியாது. பின்னால் எடுக்கலாமென்றால் எனக்குப் பின்னால் ஏற்கெனவே இருவர். முதல் பம்பில் ஒரு புண்ணியவான் பெட்ரோல் போட்டு முடித்து, முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக. பிறகு இடமிருந்து வலமாக. பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, விட்டுப்போன ஒரு புள்ளியை விரல் நகத்தால் சுரண்டினார்.

"ஏங்க, இதுக்குள்ள போனா இதுக்குள்ளேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்" என்றாள் மனைவி.

"வீடுதான் பின்னாலயே இருக்கேம்மா" என்றாள் பின்சீட்டிலிருந்து மகள்.

சிரித்தார்கள். இரண்டு பேரும். நான் அடுத்த பங்க் எங்கே என்று பார்த்தேன். 62 கிலோமீட்டர். கையில் 80. கிளம்பினேன்.

அந்த 62 கிலோமீட்டரை நான் வண்டியில் போகவில்லை, தவழ்ந்து போனேன். வேகம் 85. ஏசி நின்றது. என்னைத் தாண்டிப் போகாத வாகனம் இல்லை. மரக்கட்டை ஏற்றிய லாரி தாண்டியது. இன்னொரு பிக்கப்பை முதுகில் சுமந்துகொண்டு போன மீட்பு வண்டி தாண்டியது. அதன் மேல் உட்கார்ந்திருந்த பிக்கப்பைப் பார்த்து, ஒரு நொடி பொறாமைகூட வந்தது. மகள் கேட்காமலேயே நேர்முக வர்ணனை தொடங்கியிருந்தாள். "அப்பா, 71." "அப்பா, 64." "அப்பா, 64-லயே நிக்குது, சூப்பர்பா." அப்புறம் ஒரு மேடு. மலையெல்லாம் இல்லை, பேருக்கு ஒரு மேடு. கியர் இரண்டு படி இறங்கியது, எஞ்சின் ஓலமிட்டது, எண் ஒரேயடியாக 9 குறைந்தது. யாரும் பேசவில்லை. மகள்கூட.

19 இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். 84 லிட்டர் குடித்தது. 272-ஐ 84-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 3.2. யானையைக் கட்டித் தீனி போட்ட கதை என்பார்கள். யானையாவது தானாக நடந்து வரும்.

இதைச் சொன்னால் உடனே ஆலோசனைக் கூட்டம் கூடிவிடும். கேம்பரின் தண்ணீர் டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு போங்க என்பார் ஒருவர். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. வண்டியும் கேம்பரும் சேர்ந்து ஐந்து டன்னுக்கு மேல் இருக்கும்போது, சமதளத்தில் அந்த 150 கிலோ ஒரு பொருட்டா? டயரில் காற்று பார்த்தீங்களா என்பார் இன்னொருவர். பார்த்தேன் ஐயா. டயரில் இருக்கிற காற்று சரியாகத்தான் இருக்கிறது. எதிரே வருகிற காற்றுதான் பிரச்சினை. 105-இல் போனதுதான் தப்பு, 90-இல் போயிருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அவர்கள் சொல்வது சரி.

மின்சார பிக்கப் வைத்திருக்கும் நண்பரிடம் புலம்பினேன். அவருக்கும் கேம்பர் மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதிதான். பாதி வழியில் சார்ஜ் போட நின்றால், அந்த இடங்கள் கார் நிறுத்தும் கட்டம் மாதிரி இருப்பதால் கேம்பரைக் கழற்றி ஒரு மூலையில் விட்டுவிட்டுப் போய் சார்ஜ் போட வேண்டுமாம். பிறகு வந்து மறுபடி மாட்ட வேண்டுமாம். மழையில் இரண்டு முறை செய்திருக்கிறார். அவர் சொல்லி முடித்ததும் என் புலம்பலை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

கடைசியில் நடந்ததுதான் உச்சம். பங்கில் டேங்க் நிரப்பியதும் திரை 290 என்றது. முதல் முறையாக உண்மை பேசியது. போய்ச் சேர்ந்து கேம்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு நாள் வெறும் வண்டியில் அங்கே இங்கே சுற்றினோம். ஓட்ட ஓட்ட எண் ஏறுகிறது. 340. 420. மூன்றாம் நாள் காலை, திரும்பக் கிளம்பக் கேம்பரை மாட்டி ஒயரைச் செருகுகிறேன், 'ட்ரெய்லர் இணைக்கப்பட்டது', படம், பக்கத்தில் 510. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேம்பரை மாட்டும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த மடக்கு நாற்காலிக்கு ஒரு பை தருகிறார்களே, அதைத் தைத்தவர் யார்? நாற்காலி அதற்குள்ளிருந்துதான் வெளியே வந்தது, என் கண்ணால் பார்த்தேன். திரும்பப் போக மாட்டேன் என்கிறது. நான்கு நாற்காலி, நான்கு பை, அரை மணி நேரம், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நான்கையும் அப்படியே கேம்பருக்குள் வீசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரை இப்போது 508 என்கிறது. இன்னும் வண்டியையே எடுக்கவில்லை.