விண்வெளியில் ஸ்பேனரைத் தொலைத்தவன்

விண்வெளிக் கதை என்றாலே விறைப்பான கேப்டன், பளபளக்கும் கலம், கடைசி நொடியில் உலகத்தைக் காப்பாற்றும் சாகசம் என்று நம் மனசில் ஊறிப்போயிருக்கிறது. அதில் கொஞ்சம் சிரிப்பு எட்டிப் பார்த்தால் "இதெல்லாம் சிறுவர் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். போன வாரம் ஒரு வாசகர் வட்டத்திலும் இதே பேச்சு. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. விண்வெளிக்குப் போனால் மனிதன் நிஜத்தில் எப்படித் தடுமாறுவான் என்பதை எந்த வீர சாகசக் கதையையும்விட நேர்மையாகச் சொன்னது ஒரு நகைச்சுவைத் தொடர்தான் என்பது என் கட்சி.

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய 'நட்சத்திர நாட்குறிப்புகள்' பற்றித்தான் சொல்கிறேன். அதன் நாயகன் இயோன் டிஹி. ஒற்றை ஆளாக ராக்கெட்டை ஓட்டிக்கொண்டு அண்டமெல்லாம் அலைவான், போன இடமெல்லாம் வசமாக மாட்டிக்கொள்வான்.

நம்மில் பலருக்கு லெம் அறிமுகமானதே 'சோலாரிஸ்' நாவல் வழியாகத்தான். 1972இல் சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி அதைப் படமாக எடுத்ததால், இறுகிய முகத்தோடு தத்துவம் பேசுகிற எழுத்தாளர் என்ற பிம்பம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த நாவலுக்கு முன்பே, 1950களிலேயே, டிஹி வந்துவிட்டான். 1957இல் கதைகள் தனி நூலாக வந்தன. அதன் பிறகும் லெம் அவனை விடவில்லை. 1971 வரைக்கும் புதுப்புதுப் பயணங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு கதையும் எண்ணிட்ட ஒரு பயணம். 1964இல் வெளியான ஏழாம் பயணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், என் வாதம் முழுக்க அதில் இருக்கிறது. அவரைக்கொட்டை அளவு விண்கல் ஒன்று ராக்கெட்டைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுக்கானை உடைத்துவிடுகிறது. மாற்றுச் சுக்கான் கையில் இருக்கிறது. ஆனால் அதைப் பூட்ட இரண்டு பேர் வேண்டும். போல்ட்டின் தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் நட்டை முடுக்க முடியும். சீலிங் ஃபேன் மாட்டும்போது கீழே இருந்து ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே, அந்தச் சிக்கல்தான். டிஹியோ தனியாள். காலால் ஒரு ஸ்பேனரை இடுக்கிப் பார்க்கிறான், அது நழுவிப் போய்விடுகிறது. அடுப்பில் வைத்த இறைச்சி தீய்ந்துபோகிறது. எரிச்சலில் அதை வெளியே எறிந்தால், விழுவதற்கு அங்கே தரை ஏது? அது ராக்கெட்டையே சுற்றிவரத் தொடங்கிச் சூரியனை மறைத்து மறைத்துக் கிரகணம் காட்டுகிறது.

கட்டுப்பாடு இழந்த ராக்கெட் காலச்சுழல்களுக்குள் போய்விடுகிறது. நள்ளிரவில் யாரோ வந்து டிஹியை உலுக்கி எழுப்புகிறான். பார்த்தால், மறுநாளைய டிஹி. "எழுந்திரு, இப்போது இரண்டு பேர் இருக்கிறோம், போய்ச் சுக்கானைப் பூட்டிவிடலாம்" என்கிறான். இவன் கனவு என்று நினைத்துத் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். மறுநாள் இவனே அந்த எழுப்புகிறவன் ஆகிறான், அப்போது முந்தைய நாளைய இவன் எழ மறுக்கிறான். அதோடு கலத்தில் விண்வெளி உடையும் ஒன்றுதான். போகப் போக டிஹிகள் பெருகிக் கலம் நிறைந்துவிடுகிறது. வாணலியால் அடி விழுகிறது, கூட்டம் போடுகிறார்கள், விவாதம் நீள்கிறது. பெரியவர்கள் சண்டையில் இருக்கும்போது, சிறுவயது டிஹிகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே உடைக்குள் புகுந்து வெளியே போய் வேலையை முடித்துவிடுகிறார்கள்.

இதைச் சும்மா கிறுக்குத்தனமான கற்பனை என்று எப்படித் தள்ள முடியும்? இந்தக் கதை எழுதப்பட்ட நேரத்தில் மனிதர் யாரும் விண்வெளியில் கலத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. முதல் நடை 1965 மார்ச்சில் சோவியத் விண்வெளி வீரர் லியோனவ் நடந்தது. அடுத்த வருடம் ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 9ஏ கலத்திலிருந்து யூஜின் செர்னன் வெளியே வந்தார். கலத்தின் பின்பக்கம் போய் அங்கே வைத்திருந்த உந்துகருவியை முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிடித்துக்கொள்ளச் சரியான பிடி இல்லை, காலை ஊன்ற இடம் இல்லை. எதையாவது திருகினால் அவர் உடம்பே எதிர்ப்பக்கம் திரும்பியது. நாடி எகிறி, வேர்த்துக் கொட்டி, தலைக்கவசக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போய், சோதனையைப் பாதியில் கைவிட்டுத் திரும்பினார். பயிற்சி பெற்ற கடற்படை விமானி அவர்! அந்த ஆண்டு நவம்பரில் ஜெமினி 12இல் ஆல்ட்ரின் அதே மாதிரி வேலைகளை நிதானமாகச் செய்து முடித்தார் என்றால், கால்களை மாட்டிக்கொள்ள அமைப்பும் கைப்பிடிகளும் வைத்துக் கொடுத்ததும், தண்ணீருக்குள் பழக்கியதும்தான் காரணம். நட்டை முடுக்க இன்னொரு பிடி வேண்டும் என்ற டிஹியின் புலம்பல் நியூட்டனின் மூன்றாம் விதி. அதை லெம் தன் மேசையில் உட்கார்ந்தபடியே பிடித்துவிட்டார்.

தொலைந்த ஸ்பேனருக்கும் சாட்சி இருக்கிறது. 2008 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பரின் கருவிப் பைக்குள் கிரீஸ் கசிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பை கைநழுவி மிதந்து போய்விட்டது. அந்தப் பை தனிச் செயற்கைக்கோளாகப் பூமியைச் சுற்றியது, தரையிலிருந்து ஆர்வலர்கள் அதைப் பார்த்தார்கள். 2009 ஆகஸ்டில்தான் வளிமண்டலத்தில் எரிந்தது. 2023 நவம்பரிலும் இதே மாதிரி இன்னொரு பை போனது. இவர்களில் யாரும் அசடுகள் இல்லை. உலகத்திலேயே மிகக் கடுமையான பயிற்சி பெற்றவர்கள். மனிதக் கை அப்படிப்பட்டது, அவ்வளவுதான். கை நழுவாத கேப்டனை எழுதுகிறவர் நம்மை ஏமாற்றுகிறார், டிஹியை எழுதியவர் ஏமாற்றவில்லை.

எட்டாம் பயணமும் எனக்கு உயிர். பல கோள்களின் பேரவையில் பூமியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கப் பிரதிநிதியாகப் போகிறான் டிஹி. அங்கே பூமியின் பூர்வ கதையை எடுத்துப் போடுகிறார்கள்: பூமியில் உயிர் தோன்றியதே, வேற்றுலகத்து ஆட்கள் இரண்டு பேர் கெட்டுப்போன சரக்கைக் கொட்டிவிட்டுப் போனதால்தானாம். அதிலும் இடப்பக்கமாகக் கிண்டிவிட்டார்களாம். இந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு படிப்பு! நம் உடம்பிலுள்ள புரதங்கள் எல்லாம் இடக்கை வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஏன் வலக்கை வகை இல்லை என்பதற்கு அறிவியலில் இன்னும் முடிவான விடை கிடையாது. லெம் மருத்துவம் படித்தவர். தன் பாடத்தைக் கரைத்துக் குடித்த ஒருவரால்தான் அதை இப்படிச் சிரிப்பாக்க முடியும்.

பதின்மூன்றாம் பயணத்தை எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஒரு கோளில் எல்லோரும் தண்ணீருக்குள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் வறண்ட கோள் அது. நீர்ப்பாசனத் துறை அதைச் சரிசெய்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் தண்ணீரைப் பெருக்கிக்கொண்டே போய்விட்டது. மனிதர்கள் மீன்களாக மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அரசின் கொள்கை. மூச்சுத் திணறுகிறது, மூட்டெல்லாம் வலிக்கிறது, ஆனால் மகிழ்ச்சியாகக் குமிழிவிட வேண்டும். ஸ்டாலின் இறந்து சில ஆண்டுகளே ஆன போலந்தில், தணிக்கை நடந்துகொண்டிருந்த நேரத்தில் இது அச்சானது. நேராக எழுதியிருந்தால் ஒரு வரி தப்பியிருக்காது.

லெம் ஏன் இப்படி ஒரு தடுமாறுகிற பைலட்டையே திரும்பத் திரும்ப எழுதினார் என்பதற்கு அவர் வாழ்க்கையில் விடை இருப்பதாக நான் நம்புகிறேன். 1921இல், அப்போது போலந்தில் இருந்த லுவோவ் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது போலி ஆவணங்களோடு, மெக்கானிக்காகவும் வெல்டராகவும் வேலை பார்த்து உயிர் தப்பினார். போர் முடிந்ததும் அவர் பிறந்த ஊர் சோவியத் எல்லைக்குள் போய்விட, குடும்பம் கிராகோவுக்கு வந்தது. அவ்வளவு பேர் செத்த இடத்தில் தான் பிழைத்தது தற்செயலால்தான் என்று உணர்ந்த ஒருவர், திறமையால் எல்லாவற்றையும் வெல்லும் நாயகனை எப்படி நம்புவார்?

லெம் படைத்த இன்னொரு பைலட் பிர்க்ஸ். அந்தக் கதைகள் இவ்வளவு கலாட்டா இல்லை, ஆனால் நம்பிக்கை ஒன்றுதான். ஒரு கதையில் பிர்க்ஸ் தீர்மானிக்க முடியாமல் தயங்கி நிற்பதே, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்த எந்திர மனிதனைத் தவறவைத்துக் கலத்தைக் காப்பாற்றுகிறது.

ஜெர்மனியில் 2007இல் டிஹி கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். ராக்கெட்டின் உள்ளே பார்த்தால் பழைய பெர்லின் அடுக்கக வீடு. வெளியிலிருந்து பார்த்தால், அழுத்தி வடிக்கும் காபிக் குடுவை. கோடிகளைக் கொட்டி எடுத்த படங்களைவிட லெம்மின் மனசுக்கு அது நெருக்கமாக எனக்குப் படுகிறது.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு மைக்கேல் கேண்டலின் 1976 மொழிபெயர்ப்பு இருக்கிறது, அருமையான வேலை. ஏழில் ஆரம்பித்து எட்டு, பதினொன்று, பதின்மூன்று என்று போங்கள். இருபத்தொன்றாம் பயணம் கனமானது, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். போலிஷ் தெரிந்து தமிழில் எழுதவும் முடிகிற யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். ஏழாம் பயணத்தை மட்டுமாவது நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர என்னால் ஆனதைச் செய்கிறேன்.