அக்கா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டவர்களுக்கு

புற்றுநோய் ஏன் வருகிறது என்று ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. "ஒழுங்கா வாழ்றவன் உடம்புல புற்று வராது" என்று அவர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். மேடை கிடைத்தால் எதையாவது பேசத்தான் செய்வார்கள். அதற்குக் கூட்டம் கைதட்டியது பாருங்கள், அதுதான் தூங்க விடவில்லை.

நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூவுக்கு 22 வருஷமாக உயிரியல் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பாட்டி தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதுவாள். கட்டம் போட்ட நீள நோட்டில், குளித்துவிட்டு, வாய் பேசாமல். எந்த நோட்டைப் புரட்டினாலும் எங்காவது ஒரு கட்டத்தில் 'ஸ்ரீராமஜெம்' என்று இருக்கும். பக்தி குறைந்துவிட்டதா? ஓயாமல் எழுதுகிற கையில் பிழை வரும். செல் பிரிவதும் அப்படித்தான். ஒன்று இரண்டாவதற்கு முன்னால் தன் டிஎன்ஏவில் இருக்கும் சுமார் 600 கோடி எழுத்துகளையும் அது படியெடுத்தாக வேண்டும். குடலின் உள்பூச்சு நாலைந்து நாளில் புதிதாகிவிடுகிறது. எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. இந்தப் பத்தியில் நீங்கள் ஒரு வரி படிப்பதற்குள் ஒரு கோடி ஆகியிருக்கும்.

பிழை திருத்த நொதிகள் இருக்கின்றன. திருத்த முடியாத அளவு பழுதானால், பி53 என்ற புரதம் அந்த செல்லை நிறுத்திவைக்கும், இல்லையென்றால் தானே சாகச் சொல்லும். இத்தனை காவலையும் தாண்டிச் சில பிழைகள் தங்கிவிடுகின்றன. ஒரு பிழையால் பொதுவாக ஒன்றும் ஆகாது. 'பிரி' என்று சொல்லும் மரபணுவில் ஒன்று, 'நிறுத்து' என்று சொல்வதில் ஒன்று, காவல்காரனிடமே ஒன்று என்று ஒரே செல்லின் வம்சத்தில் வருஷக்கணக்காகச் சேர வேண்டும். பாவம் செய்ததால் இல்லை. படியெடுத்ததால்.

"அப்போ புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இல்லைங்கிறீங்களா சார்?" வருவீர்கள் என்று தெரியும். இருக்கிறது. பீடியும் பாக்கும் பிழைகளைக் கூட்டும். கருப்பைவாய்ப் புற்றுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது, அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது, உங்கள் பெண்ணுக்குப் போடுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் விபத்து நடக்கும். அதற்காக ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவனை எல்லாம் குடிகாரன் என்பீர்களா?

"நம்ம முன்னோர்களுக்கு வந்துச்சா?" வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1920களில். அந்த வலியில்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே பிறந்தது. அப்போது எந்தக் கடையில் பீட்சா விற்றார்கள்?

யானை தழை தின்பதால் அதற்குப் புற்று வருவதில்லையாம். அதையும் சொன்னாரே! ஐயா, மாடும்தான் புல் தின்கிறது. நம் நாட்டு மாட்டுக்குக் கொம்பிலேயே புற்று வரும், எந்தக் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள். யானைக்கு அந்த பி53ஐச் செய்யும் மரபணு நம்மைப் போல ஒரு ஜோடி இல்லை, 20 ஜோடி. ஆராய்ச்சியாளர்கள் காரணம் தேடுவது அங்கேதான், அதன் சாப்பாட்டுத் தட்டில் இல்லை.

சரி, நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன்?

அக்காவுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ நோட்டுதான் இருக்கிறது. ஈரல் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறது, நரம்பு வேறொரு பக்கத்தை. வெள்ளையணுவும் மஜ்ஜையில் படிப்படியாக வளர்ந்துதான் வேலைக்கு வரும். அக்காவுடையவை பாதி வழியிலேயே நின்றுவிட்டன. வேலை தெரியாது, பெருக மட்டும் தெரியும். ஒரு வகை ரத்தப் புற்றில் வைட்டமின் ஏ வழி வந்த ஒரு மாத்திரை அந்த செல்களைத் தட்டிக்கொடுத்து முதிர வைத்துவிடுகிறது. ("பாத்தீங்களா, இயற்கை!" என்று குதிக்காதீர்கள். கூடவே கொடுப்பது ஆர்சனிக் என்ற விஷம்.) டாக்டரிடம் அதைக் கேட்டேன். இது அந்த வகை இல்லை என்றார். வாத்தியாருக்கே பாடம்.

பார்க்க வந்தவர்கள் கேட்டதைச் சொல்கிறேன். "வெளியில நெறைய சாப்பிடுவாளோ?" "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கோபம் ஜாஸ்தி, உள்ளயே வச்சுக்குவா, அதான்." ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு இதைச் சொல்வார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான், கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். ஒருவர்கூட அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவள் போனபின் அம்மா வீட்டிலிருந்த அலுமினியப் பாத்திரம் அத்தனையையும் எடைக்குப் போட்டாள். ஒரு இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை அவளே நடந்தாள்.

அது 2009இல். பதினைந்து வருஷத்துக்கும் மேலாகிறது, அம்மா இப்போது அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை போனை என்னிடம் நீட்டினாள். அந்த வீடியோ. "அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் கலர் அப்பளப்பூ பொரிச்சுக் குடுப்பேனே, அதனாலயாடா?" என்றாள். வயது 79.

அதை அவளுக்கு அனுப்பியது யார் என்று போனிலேயே இருந்தது. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், சித்தப்பா.