பொப் கோலின் கடைசி ஆண்டுகளும், நாங்கள் அவரைப் பற்றிக் கதைத்த விதமும்

ஐஸ் ஹொக்கி சீசன் தொடங்கிவிட்டால் ரொறன்ரோவில் எங்கே போனாலும் இந்தக் கதை காதில் விழும். "அவருக்கு வயது போய்விட்டது, ஆட்களை மாற்றி மாற்றிச் சொல்கிறார், இனி விலகினால் நல்லது." ஆள்தான் மாறும். இன்று வேறு யாரையோ சொல்கிறார்கள், பத்து வருடத்துக்கு முன் ஹொக்கி வர்ணனையாளர் பொப் கோலைச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் அவருடைய குரலைக் கேட்டே ஹொக்கி பழகியவர்கள். அவர்களுடைய கவலை உண்மையானதுதான். ஆனால் அதை யார் தலையில் கொட்டினோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

நியூஃபவுண்ட்லாந்தில், சென் ஜோன்ஸ் நகரில் 1933இல் பிறந்தவர் அவர். 1969 ஏப்ரல் 24, மொன்றியலும் பொஸ்டனும் மோதிய பிளே-ஓஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டம்தான் 'ஹொக்கி நைட் இன் கனடா' நிகழ்ச்சிக்காக வானொலியில் அவருடைய முதல் வர்ணனை. இரண்டாவது மேலதிக நேரம் வரை இழுபட்டு, ஜோன் பெலிவோ போட்ட கோலோடு முடிந்த ஆட்டம். 1973இல் தொலைக்காட்சிக்கு வந்தார். 1980இலிருந்து 2008 வரை லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கப் இறுதி என்றால் இந்த நாட்டுக்குப் பெரும்பாலும் அவருடைய குரல்தான்.

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். பக் (ஹொக்கியில் அடிக்கிற வட்டு) நடு மைதானத்தில் அலையும்போது அவர் சும்மா பேசுவதுபோலப் பேசுவார். எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டியதும் குரல் ஒரு படி ஏறும். கோல் காப்பாளருக்கு முன்னால் ஆட்கள் குவியும்போது இன்னொரு படி. கோல் விழுவதற்கு அரை நொடி முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் அம்மாவுக்கு ஒஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது, ஆங்கிலமும் அப்போது பெரிதாக ஓடாது. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பவர், பொப் கோலின் குரல் ஏறினால் கத்தியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் அவர் பார்க்கும் நேரத்தில்தான் கோல் விழும். மொழி தெரியாத ஒருவரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற குரல் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சரி, கடைசிக் காலத்தில் அவர் பிழைவிட்டாரா? விட்டார். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. வீரர்களின் பெயர் மாறியது. சில நேரம் பெயரே வராது, அணியின் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார். கோல் விழுந்து கூட்டம் எழுந்த பிறகு அவர் சொல்வதும் நடந்தது.

ஏன் நடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வர்ணனையாளர் ஐஸுக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை. ரொறன்ரோவின் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், அவருக்கு முந்திய தலைமுறை வர்ணனையாளர் ஃபோஸ்டர் ஹியூவிற் இருந்து பேசிய கூடு ஐஸிலிருந்து 56 அடி உயரத்தில் தொங்கியது. அந்த உயரத்திலிருந்து, மணிக்கு 150 கிலோமீற்றரையும் தாண்டிப் பறக்கக்கூடிய ஒரு கறுப்பு றப்பர் வட்டைப் பின்தொடர வேண்டும். ஆட்டம் நிற்காமலே ஐந்து பேர் வெளியே போய் ஐந்து பேர் உள்ளே வருவார்கள். ஒருவர் தொடர்ந்து ஐஸில் நிற்பது முக்கால் நிமிடம் அளவுதான். பொப் கோல் தொடங்கிய காலத்தில் பலர் ஹெல்மெட் போடுவதில்லை, தலைமுடியைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். 1979க்குப் பிறகு சேர்ந்த எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2013இலிருந்து புதிதாக வருபவர்களுக்கு முகக் கண்ணாடியும் கட்டாயம். அன்று என்.எச்.எல். லீக்கில் 12 அணிகள், கிட்டத்தட்ட எல்லோரும் கனடாப் பெடியன்கள். அவர் ஓய்வுபெறும்போது 31 அணிகள். ஃபின்லாந்து, செக், ரஷ்யா, சுவீடன் என்று எங்கெங்கோ இருந்து வந்த பெயர்கள். எண்பது தாண்டிய கண்ணும் நாக்கும் இதில் தடுமாறுவது இயற்கை.

தடுமாற்றம் எல்லாம் ஒரே தரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் பெயர் மாறினால் படம் திருத்திவிடும். 1972இல் கனடா சோவியத் அணியோடு ஆடிய தொடரை ஓய்விலிருந்து திரும்பி வந்து தொலைக்காட்சியில் சொன்னவர் ஹியூவிற். 69 வயது, பெயர் உச்சரிப்புகளில் தடுக்கினார். ஆனாலும் கடைசி ஆட்டத்தில் 34 நொடி மீதமிருக்கையில் போல் ஹென்டர்சன் போட்ட கோலை அவருடைய வாயால் கேட்டதைத்தான் ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. (அதே கோலை வானொலியில் சொன்னவர் பொப் கோல். இரண்டையும் தேடிக் கேளுங்கள்.) ஆட்டத்துக்குப் பின்னால் குரல் ஓடத் தொடங்குவதுதான் என் கணக்கில் பெரிய பிழை. அதைக் கேட்கும்போது எனக்கும் மனசு கஷ்டப்பட்டது, ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்த இரவுகளும் உண்டு.

ஆனால் அந்தக் கதிரையில் பொப் கோலைத் தினமும் இருத்தியது யார்? எந்த ஆட்டத்துக்கு யார் என்று பட்டியல் போடுவது தொலைக்காட்சி நிலையம். பழைய ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டி, "ஐயா, இந்த இடத்தில் இப்படி நடந்தது, இனி இப்படிச் செய்வோமா?" என்று முகத்துக்கு நேரே பேசக்கூடியவர்களும் அவர்கள்தான். 2014இல் லீக்கின் தேசிய ஒளிபரப்பு உரிமை 12 ஆண்டுக்கு 5.2 பில்லியன் டொலர் என்று ரொஜர்ஸ் நிறுவனத்துக்குப் போனது. 2018 வசந்தத்தில் பிளே-ஓஃப் பட்டியல் வந்தபோது அதில் அவருடைய பெயர் இல்லை. வயது 84. தான் இதை எதிர்பார்க்கவில்லை என்று அவரே வெளியில் சொன்னார். அரை நூற்றாண்டு உழைத்த மனிதருக்கு இப்படியா தெரியவரவேண்டும்?

அடுத்த சீசனில் ஓரளவு திருத்திக்கொண்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். குறைந்த ஆட்டங்கள், இதுதான் கடைசி என்று முன்கூட்டிய அறிவிப்பு. 2019 ஏப்ரல் 6, மொன்றியலில், ரொறன்ரோ லீஃப்ஸோடு மொன்றியல் மோதியதுதான் அவருடைய கடைசி ஆட்டம். மொன்றியலின் ரயன் போலிங் என்ற இருபது வயதுப் பெடியன் தன் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டு, ஷூட்-அவுட்டிலும் (சமனானால் ஒவ்வொருவராக அடிப்பது) போட்டு 6-5 என்று வென்று கொடுத்தான். அந்த இரவில் எத்தனை பெயர் பிழைத்தது என்று யாரும் எண்ணவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 24, அவர் வானொலியில் தொடங்கிய அதே திகதியில், 90 வயதில் காலமானார்.

பக்கத்தில் பஃபலோவைப் பாருங்கள். ரிக் ஜெனரெற் 1971இலிருந்து அந்த ஊர் அணியான சேபர்ஸுக்கு வர்ணனை சொன்னவர். 2014இல் தொண்டையில் புற்றுநோய் வந்து, குணமாகித் திரும்பினார். பிறகு ஆட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரலில், அவர் இன்னும் வேலையில் இருக்கும்போதே, அவருடைய பெயரில் கொடியை அரங்கின் கூரைக்கு ஏற்றினார்கள். அமெரிக்க வர்ணனையாளர் மைக் எம்ரிக் 2020இல் 74 வயதில், யாரும் போகச் சொல்லாத நேரத்தில் தானே விலகினார். எல்லோராலும் எம்ரிக்போல் முடியாது. ஒலிவாங்கியைப் பிடித்தவருக்குத் தன் குரல் பிந்துவது முதலில் கேட்காது. அதனால்தான் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

நிலையங்கள் செய்யக்கூடியது பெரிய விஷயமும் இல்லை. பக்கத்தில் இலக்கம் பார்த்துப் பெயரைக் காட்ட ஒரு நல்ல உதவியாளரைப் போடலாம். அடுத்தடுத்த நாட்களில் வெவ்வேறு நகரத்துக்குப் பறக்கவிடாமல் உள்ளூர் ஆட்டங்களை மட்டும் கொடுக்கலாம். பிளே-ஓஃப் வருவதற்கு மாதங்கள் முன்பே இருந்து பேசலாம். இவற்றைச் செய்யச் சொல்லி நிலையத்துக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

கீழே பின்னூட்டத்தில் ஒருவருடைய வயதைப் பகிடி பண்ணி எழுதினால் அழித்துவிடுவேன். எந்த ஆட்டம், எந்தப் பீரியட், என்ன பிழைத்தது என்று எழுதுங்கள். எவ்வளவு காட்டமாக இருந்தாலும் பதில் சொல்கிறேன்.