சீம்பாலைப் பிழிஞ்சு கொட்டாதீங்க

"மூணு நாளைக்குப் பால் ஊறாது, மஞ்சளா வர்றதைப் பிழிஞ்சு கொட்டிட்டு சர்க்கரைத் தண்ணி கொடுங்க"ன்னு இப்பதான் பிள்ளை பெத்தவங்களுக்கு ஒரு அக்கா யோசனை சொல்லியிருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பிசுபிசுன்னு மஞ்சளா வர்றதுதான் சீம்பால், நோய் எதிர்ப்புச் சக்தி செறிஞ்சது. சொட்டுச் சொட்டாத்தான் வரும்; முதல் நாள் பிள்ளை வயித்துக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவே போதும். சிசேரியன்னா பால் இறங்க இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதுக்கும் வழி அடிக்கடி மார்ல போடுறதுதான், 24 மணி நேரத்துல 8லேர்ந்து 12 தடவை. சர்க்கரைத் தண்ணியில வயிறு நிறைஞ்ச பிள்ளை சப்பாது. சப்பலேன்னா பால் எப்படி ஊறும்? சேனை வைக்கிறோம்னு பிறந்த பிள்ளை நாக்குல தேன் தடவுறது (எங்க வீட்லயும் பெரியவங்க கிண்ணத்தோட நின்னாங்க!) இன்னும் ஆபத்து, 1 வயசு வரைக்கும் தேனே கூடாது. பிள்ளை மூத்திரம் சரியா போகலேன்னாலோ, பாலுக்கு எழுப்பியும் எழுந்திருக்கலேன்னாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. மேல்பால் (தாய்ப்பால் இல்லாத வேற பால்) வேணுமான்னு அவங்க சொல்லட்டும்.