ஒருமுறை வந்து போனால் போதாது

இலங்கையின் வன்னிப் பகுதியில், மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி, மல்லாவி, துணுக்காய் தாண்டி உள்ளே போனால் வருகிற சின்னப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஒன்பதாம் தரத்தோடு எங்கள் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பிள்ளைகளின் தாய் தகப்பன் வயலுக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள். அம்மம்மாவோடு மட்டும் இருக்கிற பிள்ளைகளும் கொஞ்சப் பேர் அல்ல.

இரண்டு வருடத்துக்கு முன் ஆறாம் தரத்தில் ஒரு பையன் இருந்தான். நான் கரும்பலகையில் எழுதத் தொடங்கினால் இடத்தை விட்டு எழும்பி முன்னுக்கு வந்து நிற்பான். பின்னுக்கு இருக்கிறவர்களுக்கு மறைக்கும். "இடத்தில போய் இரடா" என்று ஒரு வருடம் முழுக்க ஏசியிருக்கிறேன். போய் இருப்பான். பிறகு பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவான். அந்தப் பிள்ளை 3 என்று எழுதினது இவன் கொப்பியில் 8 ஆக இருக்கும். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று என் கையாலேயே எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

அந்த வருடம் வவுனியாவிலிருந்து ஒரு சேவைக் கழகத்தினர் கண் பரிசோதனை முகாம் வைக்க வந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன்னமே அதிபரிடம் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். வந்த அன்று மேடையும் இல்லை, மாலையும் இல்லை. விறாந்தைச் சுவரில் எழுத்துப் பலகையைத் தொங்கவிட்டு, அளவுநாடாவைப் பிடித்து ஆறு மீற்றர் அளந்து, நிலத்தில் சோக்கால் ஒரு கோடு கீறினார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அந்தக் கோட்டில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசித்தது. எங்கள் பையன் மேலே இருந்த பெரிய எழுத்தோடு நின்றுவிட்டான்.

மூன்று கிழமை கழித்து மூக்குக்கண்ணாடிகளோடு திரும்பவும் வந்தார்கள். போட்டுவிட்டதும் அவன் ஒன்றும் பேசவில்லை. கரும்பலகையைப் பார்த்தான். அதற்கு மேலே, நாங்கள் காலையில் தேவாரம் பாடும்போது கும்பிடுகிற சரஸ்வதி படத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுச் சொன்னான்: "சேர், சரஸ்வதியின்ர வீணையில கம்பியெல்லாம் கீறியிருக்கு."

முதலாம் தரத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. அதுவரைக்கும் அந்தப் படத்தில் வெள்ளையாய் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

லயன்ஸ், றோட்டரி, லியோ என்று நாங்கள் சொல்கிற இந்தச் சேவைக் கழகங்களைப் பற்றி அன்றிலிருந்து வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன். பொன்னாடையும் குழுப்படமும்தான் அவர்களுடைய வேலை என்று நினைத்திருந்தவன் நான். வாசிக்க வாசிக்க வேறு கதை தெரிந்தது. லயன்ஸ் கழகம் 1917இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1925இல், கண்ணும் தெரியாத காதும் கேளாத ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வை இழந்தவர்களுக்குத் துணையாக நில்லுங்கள் என்று கேட்டார். கேட்டதை ஏற்றுக்கொண்டவர்கள் நூறு வருடமாக அதை விடவில்லை. எங்கள் விறாந்தையில் கீறின அந்தச் சோக்குக் கோடு வரைக்கும் வந்து சேர்ந்தது அந்த ஒரு கேள்விதான்.

றோட்டரியும் அப்படித்தான். 1985இல் போலியோவை உலகத்திலிருந்தே ஒழிக்கிறது என்று எடுத்தார்கள். எங்கள் நாட்டில் யுத்தம் நடந்த தொண்ணூறுகளில், பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற நாட்களில் சண்டையை நிறுத்தி வைக்க யுனிசெப்போடு சேர்ந்து முயற்சி செய்தவர்கள் அவர்கள். இலங்கையில் கடைசியாகப் போலியோ வந்தது 1993இல். 2014இல் எங்கள் பிராந்தியத்தையே போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வன்னியில் இன்றைக்கு ஓடித் திரிகிற பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான். கழகங்கள் ஒரு வேலையைப் பிடித்தால் விடாமல் பிடிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தால் திரும்பவும் வர வேண்டும். பிள்ளைகளின் வாழ்க்கை மாறுகிறது என்றால் அந்த இரண்டாம், மூன்றாம் வருகையில்தான் மாறுகிறது.

மறுபக்கத்தையும் கண்டிருக்கிறேன். முன்பு நான் படிப்பித்த இன்னொரு பள்ளிக்கூடத்தில் புத்தகப் பை கொடுக்க ஒரு குழு வந்தது. ஒன்பது மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். அதுவரைக்கும் முதலாம் இரண்டாம் தரப் பிள்ளைகள் கையில் பூவோடு வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. ஒவ்வொரு பைக்கும் ஒரு படம். "தகப்பன் இல்லாத பிள்ளையள் முன்னுக்கு வாங்கோ" என்று ஒலிவாங்கியில் கூப்பிட்டார்கள். ஏழாம் தரத்துப் பெண்பிள்ளை ஒன்று எழும்பவேயில்லை. தலையைக் குனிந்தபடி மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அந்தப் பையை நான்தான் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனதோடு வந்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நடந்ததை எந்தப் பையும் ஈடு செய்யாது. கொடுக்க வருகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பிள்ளையின் துயரத்தை ஒலிவாங்கியில் சொல்லாதீர்கள். பெயர்ப் பட்டியலை அதிபரிடம் கொடுத்தால் அவர் வகுப்பிலேயே அமைதியாகக் கொடுப்பார்.

சைக்கிள் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் தரம் முடித்தால் பத்தாம் தரத்துக்கு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர், பாதி வழி கிறவல் வீதி. காலையில் ஒரு பஸ், அதையும் நம்ப முடியாது. பின்னேர வகுப்பு முடிந்து வந்தால் இருட்டிவிடும், யானை இறங்குகிற இடம். ஆண்பிள்ளைகள் எப்படியோ போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளைத்தான் வீட்டில் மறிப்பார்கள். படிக்க விருப்பமில்லை என்று பிறகு ஊரில் சொல்லுவார்கள். உண்மையில் இல்லாதது சைக்கிள்.

ஒரு கழகம் எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு சைக்கிள் கொடுத்தது. அதோடு ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒட்டுப் போடுகிற சாமான்கள், இரண்டு ரியூப். ஒரு சனிக்கிழமை முழுக்க ஒருவர் இருந்து, சில்லைக் கழற்றி ரியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் ஒட்டுப் போடப் பழக்கினார். பழகினவர்களில் நான்கு பேர் பெண்பிள்ளைகள். எனக்குத் தெரிந்து வன்னியில் எத்தனையோ இலவசச் சைக்கிள் ரியூபில் முதல் ஓட்டை விழுந்ததோடு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தபடி கறள் பிடித்துப் போயிருக்கிறது. இந்த ஆறும் இன்னும் ஓடுகிறது.

இதெல்லாம் அரசாங்கத்தின் கடமை, கழகங்கள் ஏன் செய்ய வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, கடமைதான். 1945இலிருந்து இலவசக் கல்வி இருக்கிற நாடு இது. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் இலவசமாகத்தான் வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று நாங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம், எழுதுவோம். அதை ஒரு கழகம் செய்து தர முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு ஆறாம் தரம் ஒருமுறைதான் வரும். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிகிற நேரம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டே போயிருக்கும். 2022இல் கொப்பி விலை ஏறினபோது பழைய கொப்பியை அழிறப்பரால் அழித்து அதன் மேல் எழுதின பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த மாதமே கொப்பி கொண்டுவந்து தந்தது பழைய மாணவர் சங்கமும் ஒரு கழகமும்தான்.

இன்னொன்று, நகரத்துக் கழகங்களுக்கு. ஊருக்குள் வரும்போது எங்கள் சனசமூக நிலையத்தையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் முதலில் கேளுங்கள். அவையும் சேவைக் கழகங்கள்தான், பெயர்தான் வேறு. எந்த வீட்டில் விளக்கு இல்லை, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது, யாருடைய அம்மம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் க.பொ.த சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு நடக்கிறது சனசமூக நிலையத்தில். பத்திரிகை வாசிக்கிற மேசையில்தான் படிக்கிறார்கள். அதற்குச் சூரியசக்தி விளக்கு தந்தது வெளியிலிருந்து வந்த கழகம். ஆனால் பூட்டைத் திறந்து, கூட்டி, ஒன்பது மணிக்குப் பெண்பிள்ளைகளை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது ஊர்ப் பெடியள்.

அந்தப் பையன் இப்போது எட்டாம் தரம். வளர்கிற பிள்ளைக்குக் கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே போகும், சட்டமும் சின்னதாகிவிடும். போன வருடம் அவர்கள் வந்து சோதித்து வேறு கண்ணாடி கொடுத்தார்கள். இந்த மாதக் கடைசியில் மூன்றாம் முறையாகச் சோதிக்க வருகிறார்கள். பட்டியல் எடுக்கும்போது அவனே வந்து, இரண்டாம் தரத்தில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூக்கோடு வைத்து வாசிக்கிறது என்று சொன்னான். அந்தப் பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பதினொரு பேர்.